லீமாவ் அண்ணன் கொதிக்க வைத்த கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லீமாவ் அண்ணனின் எலுமிச்சைச் சாற்றிலிருந்து தப்பித்தவை இரண்டே: மேகமும் துரையின் தலையும்.

அவர் லோரி ஓட்டுநர்; மலாயில் எலுமிச்சைக்கு லீமாவ் என்று பெயர், அதுவே அவருக்குப் பட்டப்பெயர். ஈப்போவிலிருந்து காய்கறித் தோட்டங்களுக்கு மண்ணில் கலக்கும் சுண்ணாம்புக்கல் தூள் மூட்டை ஏற்றி வருவார். கலப்படமா என்று பார்க்க ஒரு சிட்டிகையில் எலுமிச்சை பிழிவார், நுரைத்தால் அசல். அந்தச் சோதனையைச் சுண்ணாம்போடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு புதுமனை விருந்தில் தரையில் பிழிந்து, "பளிங்குதான் லா, கடைக்காரன் ஏமாத்தல," என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த வீட்டுத் தரையில் வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பள்ளி இறுதியான படிவம் ஐந்தில் படிக்கும் என் மகளுக்கு, நான் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தொழிற்சாலையின் பழைய அலமாரியில் சிப்பி பதிந்த கல்லொன்று கிடைத்தது. எங்கே எடுத்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. "இடம் தெரியாத புதைபடிவத்தைக் கண்காட்சியில் வைக்க முடியாது," என்றுவிட்டார் டீச்சர்.

போன மாதம், மழை விட்ட ஒரு மாலை, இடத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று கல் துருத்திக்கொண்டிருந்த பையைச் சாலையோரம் போட்டுவிட்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டிய சரிவில் ஏறிவிட்டாள்.

"இறங்கு பாப்பா! மண்ணு சரியுது!" தொண்டை கிழியக் கத்தினேன்.

"கொஞ்சம் இருங்கப்பா, இங்கதான் இருக்கும்!"

அந்த வழியே வந்த லோரி நின்றது. லீமாவ் அண்ணன் இறங்கினார். சரிவைப் பார்த்தார். பையிலிருந்த கல்லை எடுத்து எலுமிச்சை பிழிந்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

"ஐயோ! பாப்பா, உன் கல்லு கொதிக்குது! ஓடியா, ஓடியா!"

நான் கெஞ்சியும் இறங்காதவள் சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். கொதியாவது! நாலு குமிழி.

"நல்லாப் பாரு. இது சுண்ணாம்புக்கல்லு. நம்ம மலை கருங்கல்லு, அது எங்க நுரைக்கும்? இது கீழ ஈப்போ பக்கத்துலேருந்து யாரோ கொண்டாந்த சாமான் லா. எந்தக் குன்றுன்னு மட்டும் கேக்காத."

சொல்லி முடிக்கவில்லை, அவள் நின்றிருந்த இடம் அப்படியே பெயர்ந்து வடிகாலில் விழுந்தது.

அவர் சொன்னதை டீச்சரும் ஒப்புக்கொண்டார். 'சரியான இடம் தெரியாது' என்ற சீட்டோடு கல் கண்காட்சிக்குப் போனது. எனக்கு மனதில் நிற்பது அன்றைய தேத்தண்ணிதான்.

"கிராணி, பிள்ளைய முறைக்காதீங்க, முதல்ல சூடா ஏதாச்சும் கொடுங்க," என்று வீடு வரை வந்தார். அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன். என் கையைவிட அவர் கை அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.