மாடியில் மெக்கானிக்கல் இஞ்சினியரிங்

மலாக்கா, காஜா பெராங்.

வல்ல நாயன் காவலில் பினாங்கில் கடையும் குடும்பமுமாய் இருக்கும் கண்ணியமிக்க மச்சான் நாகூர் மீரான் அவர்களுக்கு, அப்துல் கய்யூம் சலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ரோஷன் பீவியும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நலம்.

எங்கள் மாடியில் வெள்ளைக்காரப் பேய் உலவுவதாகக் கேள்விப்பட்டு, உங்கள் மகள் ஹலீமாவை இந்த வீட்டுக்குக் கொடுக்கத் தயங்குவதாகச் சொல்லியனுப்பினீர்கள். தபாலில் எழுதினால் ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான் என்பதால் படகுக்காரர் கையில் இதை அனுப்புகிறேன். பேயுமில்லை, பிசாசுமில்லை, அது உங்கள் மருமகன், என் பிள்ளை சிஹாபுதீன்! ஹாங்காங்கில் கடைசி வருஷம் படிக்கவேண்டியவன், சண்டைக் கலவரத்தில் யார் கண்ணிலும் படாமல் வீடு வந்து சேர்ந்தான். மெஷின் தெரிந்த பையன்களை சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றுகிறார்களே, போனவன் ஒருவனும் திரும்பக் காணோமே என்று மாடியில் ஒளித்துவைத்தேன். ஒளிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டாமா? சின்னதில் குர்ஆன் ஓதப்போன காலத்தில் ஆடி ஆடிச் சத்தம் போட்டுப் பழகியவனுக்கு, இஞ்சினியரிங்கும் ராகம் போட்டால்தான் மண்டையில் ஏறுமாம். புதிதாய்ப் பக்கத்தில் குடிவந்த தம்பிராஜா, "என்னா பாய், மேல யாரோ இங்கிலீஷ்ல பேசுறாங்க?" என்றார். முன்பு வாடகைக்கு இருந்து காய்ச்சலில் செத்த இஞ்சினியர் துரை, பாவம், இன்னும் பாடம் நடத்துகிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அப்படி ஒரு துரை பிறக்கவே இல்லை.

மறுநாளே கதை பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டி வரைக்கும் போய், மாடிப்படியில் பூவும் வாழைப்பழமும் வந்துவிட்டன. பழத்தைப் பிள்ளை தின்ன, தட்டு காலியானதைப் பார்த்து ஊருக்கு இன்னும் பக்தி. சோதனைக்கு வந்த ஜப்பான் சிப்பாய் பாதிப்படியில் "பிஸ்டன்" என்ற குரலைக் கேட்டு, தொப்பியைக் கழற்றிக் குனிந்துவிட்டு இறங்கிப்போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். ஒரே பிள்ளை.

கொஞ்ச நாளாய்க் குரல் இரண்டாய்க் கேட்கிறது. ஒன்று கேள்வி கேட்கிறது, ஒன்று பதில் சொல்கிறது. தனியே அடைந்து கிடப்பவன், தானே கேட்டுத் தானே சொல்லிக்கொள்கிறான்போல. மாடிப்பக்கம் சுருட்டு வாசம் அடிக்கிறது என்கிறாள் உங்கள் தங்கை. அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

ஆகவே, பேயில்லாத வீடு என்று நம்பி, ஹலீமாவை மனப்பூர்வமாய்த் தாருங்கள். மச்சிக்குச் சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
அப்துல் கய்யூம்

பி.கு: சாப்பாட்டுத் தட்டை எடுக்க இப்போதுதான் மாடிக்குப் போனேன். பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாப்பா, வெள்ளைக்காரனையெல்லாம் ஜப்பான்காரன் அடைச்சி வெச்சிருக்கான், இப்படி ஒரு வாத்தியாரை எங்க புடிச்சீங்க? பாடம் முழுக்க முடிச்சிட்டார். நாளைக்குப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறார். போகவா?" என்கிறான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். படியை மறித்து உட்கார்ந்திருக்கிறேன் மச்சான். கல்யாணத்தை அப்புறம் பேசலாம், பேய்க்கு ஓதிப்பார்க்கத் தெரிந்தவர் யாரையாவது உடனே அனுப்புங்கள்.