பூட்டிய பஸ்ஸும் பின்னறையும்

போர்க்மேர் ஊருக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று ஹார்மன் கல்யாணமான புதிதிலேயே சபதம் செய்துவிட்டார். போர்க்மேர்க்காரர்கள் மஞ்சள் சட்டை. ஹார்மனின் ஊரான ஹாசல்வைக் பச்சைச் சட்டை. இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது ஒரு நெடுஞ்சாலையும் நிறைய மாடுகளும்தான். ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் நடுவே ஒரு சமுத்திரமே புகுந்துவிடும்.

சபதத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. மாமியார் ரூலி குடியிருந்தது போர்க்மேரில்.

சபதத்துக்கு விதிவிலக்கும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை பச்சை அணி அங்கே ஆடப் போகும்போது ஹார்மனும் போவார். மனைவி ஹில்லி கேட்டால், "அது ஊருக்குப் போறது இல்ல, படையெடுப்பு" என்பார்.

ரூலி மூன்றாவது மாடியில் இருந்தாள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஹில்லிதான் வேலை முடிந்து சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், படியேறுவாள், குளிப்பாட்டுவாள், திரும்பி வந்து இங்கே உருளைக்கிழங்கு உரிப்பாள். அம்மாவை இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்றால், படியில்லாத அறை வீட்டில் ஒன்றே ஒன்று. பின்னறை. அதில் ஹார்மனின் பெரிய டிவி இருந்தது. பீர் ஊற்றிக் குடிக்க மரத்தில் ஒரு மேடை இருந்தது. சுவர் முழுக்கப் பச்சைக் கழுத்துத்துண்டுகள். பழைய மைதானத்தை இடித்தபோது வெட்டிக்கொண்டு வந்த புல்பத்தை ஒன்று தட்டில் இருந்தது. ஹில்லியின் பூச்செடிகள் வாடிச் செத்தாலும் அந்தப் புல்லுக்கு மட்டும் அவர் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்.

"பின்னறையை எப்போ காலி பண்றே?" என்று ஹில்லி கேட்டால், "சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடிந்து கேட்டால், "புது சீசன் ஆரம்பிக்கட்டும்" என்பார்.

இந்த வருடம் பெரிய சிக்கல். படையெடுப்பும் மாமியார் பிறந்தநாளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தன. ஹார்மன் ரகசியமாக மேட்ச் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, வியாழக்கிழமையிலிருந்தே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். ஞாயிறன்று பல்வலி உச்சத்தைத் தொடுவதாக ஏற்பாடு.

"ஏன் கன்னத்தைப் பிடிச்சிட்டு அலையறே?"

"பல்லு, ஹில்லி. உயிர் போகுது."

"நேத்து வலப்பக்கம் பிடிச்சிட்டு இருந்தே."

"அங்கேயிருந்து இங்கே வந்திருச்சு."

"பல்லு கூட வெளியூர் ஆட்டத்துக்குப் போகுதா? மேட்சுக்குத்தானே போகணும்? போயிட்டு வா."

ஹார்மனின் கை தானாகக் கன்னத்திலிருந்து இறங்கியது.

"பிறந்தநாள்?"

"எல்லாரும் நாற்காலியை வட்டமாப் போட்டு உக்காந்து கேக் தின்னப்போறோம். நீ வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிப்பே. அதுக்கு நீ மேட்சுக்கே போ. எப்படிப் போறீங்க? காரிலயா?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் ஹார்மன் இத்தனை வருடம் ஏங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காரா? அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே! வெளியூர் ரசிகன்னா மனுஷனே இல்ல. நம்ம மைதானத்துல கூட்டமாப் பஸ் ஏறணும். பாதி வழியில ஒரு இடத்துல நிறுத்தி, போட்டோ ஒட்டின ரசிகர் அட்டையைப் பார்த்துட்டு, அப்புறம்தான் கையில சீட்டைத் தருவான். முன்னாடி போலீஸ், பின்னாடி போலீஸ். நேரா கம்பி போட்ட கூண்டுல கொண்டுபோய் இறக்குவான்."

"அடப்பாவமே. நடுவுல இறங்கணும்னா?"

"செத்தாக்கூட இறக்க மாட்டான்."

"நிஜமாவா?"

"இறங்கினா அட்டை போச்சு. ஆயுசுக்கும் மேட்ச் கிடையாது."

"ஆட்டம் முடிஞ்சதும் விட்டுருவாங்களா?"

"எங்கே விடறான்! மஞ்சள்காரன் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர்றவரைக்கும் எங்களை உள்ளேயே வச்சுப் பூட்டிருப்பான். அப்புறம் அதே பஸ், அதே போலீஸ், நம்ம மைதானத்துக்கு வந்துதான் கதவைத் திறப்பான்."

"அப்போ விளக்கு வச்சு ரொம்ப நேரம் ஆகும் நீ வர."

"ஆகும்."

"பாவம்" என்று ஹில்லி பெருமூச்சு விட்டாள். புருஷன் வெளியே போனால் எப்போது திரும்புவான் என்று போலீஸே உத்தரவாதம் தரும் பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

ஞாயிறன்று ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கழுத்துத்துண்டைச் சரி செய்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை நண்பன் டினஸிடம் ஹார்மன் மீசையை முறுக்காத குறையாகச் சொன்னார்:

"பொண்டாட்டியைச் சமாளிக்க ஒரு வித்தை வேணும் டினஸ்."

"என்ன வித்தை?"

"பல்வலி."

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை அணி நாலு கோல் வாங்கியது. மழையும் பெய்தது. பிறகு கூண்டுக்குள் ஈரத்தோடு நின்று, காலியான மைதானத்தைத் துப்புரவுக்காரர் பெருக்கி முடிப்பதைப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் போலீஸ் வண்டிக்குப் பின்னால் பஸ்கள் எருமைக் கூட்டம்போல ஊர்ந்தன. அப்போது ஒரு வேன் அவர்களைத் தாண்டியது. ஓட்டியது ஹில்லியின் தம்பி பெரென்ட். ஹார்மன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். வேனின் கூரையில் கட்டில். பெரென்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கழுத்துத்துண்டும் தலையில் காகிதக் கிரீடமுமாக மாமியார் ரூலி. பஸ் ஜன்னலில் மருமகனைக் கண்டதும் மகாராணிபோல மெல்லக் கையசைத்தாள்.

பின்னாலேயே ஹில்லியின் சித்தப்பாவின் கார், முன் இருக்கையில் விளக்கோடு. அதன் பின்னால் மடியில் பூந்தொட்டிகளோடு அத்தைகள் இன்னொரு காரில். பிறந்தநாளுக்கு வந்த கூட்டம் கேக்கைத் தின்றுவிட்டு ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தது.

ஹார்மன் போனை எடுத்தார்.

"ஹில்லி! என்ன நடக்குது அங்கே?"

"அம்மா வர்றாங்க."

"எங்கே?"

"பின்னறைக்கு."

"என்னைக் கேக்காம எப்படி? பேசித்தானே முடிவு பண்ணணும்?"

"பேசலாமே. இறங்கி வா."

"எப்படி இறங்கறது?"

"அட, ஆமாம். செத்தாலும் இறக்க மாட்டான்னு சொன்னியே. பாவம், மறந்துட்டேன்."

ஊர் எல்லையில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். கல் ஏற்றிய படகு ஒன்று கர்ப்பிணிபோல அசைந்து அசைந்து போனது. போலீஸானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பஸ் நின்ற இடம் ஹார்மனின் தெருமுனை. ஜன்னலிலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரிந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. பீர் மேடையை நாலு பேர் வெளியே தூக்கி வந்தார்கள். சித்தப்பா புல்தட்டைக் கொண்டுவந்து வேலியோரம் கவிழ்த்தார்.

ஹார்மன் டிரைவரிடம் ஓடினார். நடுவில் பஸ் பொறுப்பாளர் வழிமறித்தார்.

"எங்கேங்க?"

"அதோ என் வீடுங்க! கொள்ளை போகுது!"

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "கேக் தின்னுட்டே கொள்ளையடிக்கறாங்களே?"

"கதவைத் திறங்க!"

"திறக்கறேன். எமர்ஜென்சி பொத்தான் இருக்கு. ஆனா அட்டையைக் கொடுத்துட்டு இறங்குங்க. இனிமே உங்களுக்கு எந்த மேட்சும் கிடையாது. நம்ம மைதானத்துலயும் கிடையாது."

ஹார்மன் வாசலைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் முடி நிறைய இருந்த காலத்து ஹார்மன் சிரித்துக்கொண்டிருந்தார். டிவியைப் போர்வையில் சுற்றி மாடிக்குத் தூக்கிப் போவது தெரிந்தது.

அவர் திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, இறங்கலையா?" என்றான் டினஸ்.

"பல்லு வலிக்குது" என்றார் ஹார்மன். இந்தத் தடவை பொய்யில்லை. அவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பின்னறையில் கட்டில், விளக்கு, பூந்தொட்டி. சுவரெல்லாம் மாமியாரின் பேரக்குழந்தைகளின் படங்கள். ரூலி காலை நீட்டி உட்கார்ந்து, மிஞ்சிய கேக்கில் ஒரு துண்டை அவருக்கு வெட்டி வைத்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. நனைஞ்சுட்டீங்களே. நாலு கோலாமே?"

ஹார்மனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தையாவது ஜெயித்தாக வேண்டும்.

"சிரிங்க அத்தை, சிரிங்க. வசந்தத்துல உங்க அணி இங்கே ஆட வருமில்ல? அப்போ உங்க ஆளுங்களும் இதே மாதிரி பஸ்ல பூட்டித்தான் வரணும். கூண்டுலதான் நிக்கணும். உங்க முழங்காலுக்கு அது ஆகாது."

"அது வெளியூர்க்காரங்களுக்கு மாப்பிள்ளை" என்றாள் ரூலி. "நம்ம ஹில்லி போன வாரமே என் விலாசத்தை இங்கே மாத்திட்டா. உள்ளூர் விலாசம் இருந்தா நல்ல இடத்துலயே சீட்டுத் தர்றாங்க. மைதானத்துல உங்க பக்கத்து நாற்காலி காலியா இருந்ததாம், எடுத்தாச்சு."

ஹார்மன் ஹில்லியைப் பார்த்தார். ஹில்லி காப்பியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸும் வேண்டாம், போலீஸும் வேண்டாம்" என்றாள் ரூலி, மஞ்சள் துண்டை மடித்து வைத்தபடி. "நீங்க கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனாப் போதும்."