என் முதுகுக்குப் பின்னால் முப்பது நாள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி முன்பு எழுதியபடியேதான் இருக்கிறது என்பதால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமையாக நான் போனை எடுக்கவில்லை, மாமாவுக்கு ஏதாவது கோபமா என்று மகளிடம் கேட்டீர்களாம். ஏழு வருஷமாக ஞாயிறு பத்தரை மணிக்கு நாட்டு நடப்பு பேசி வந்த நாம் திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் தோன்றும். கோபமெல்லாம் இல்லை. உங்களுக்குப் பிடித்த நிதியமைச்சரைப் பற்றி நான் கடைசியாகச் சொன்ன அபிப்பிராயத்தில் மாற்றமும் இல்லை. நடந்தது வேறு. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நகராட்சிப் படிப்பகம் இருக்கிறது அல்லவா, ஒரு நீள மேஜை, பதினோரு நாற்காலி, அதில் உட்காரத் தகுந்தவை நாலு. பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை ஒன்பது பத்துக்கு நான் அங்கே ஆஜர். சுவரோரம் என் நாற்காலி, அதன் பின்னால் ஒரு அறிவிப்புப் பலகை, பலகையில் ஒரு ஆணி, ஆணியில் என் பை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை போனால் வாசலில் ஒரு ஆள் டேப் வைத்துக் கதவை அளந்துகொண்டிருக்கிறான். "என்னப்பா அளக்குற?" என்றேன். "வண்டி உள்ள நுழையுமான்னு பாக்குறேன் சார்." "எந்த வண்டி?" "குப்பை வண்டி சார். இது இனிமே ஷெட்டு." விறுவிறுவென்று படியேறினேன். உள்ளே படிப்பக உதவியாளர் நிதானமாகச் சொன்னார், "முப்பது நாளா நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சே சார், ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்கன்னு." எங்கே என்று கேட்டதற்கு என் நாற்காலிக்குப் பின்னால் காட்டினார். காகிதம் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. நடுவில் என் பை தொங்கிய இடம் மட்டும் பையின் வடிவத்திலேயே வெள்ளை வெளேரென்று இருந்தது. 'மூடப்படும்' என்ற வார்த்தையும் கடைசித் தேதியும் சரியாக அந்த வெள்ளைக்குள். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சொல்ல வந்தேன் சார். நீங்க அந்த வெளிநாட்டு எலெக்‌ஷன எங்களுக்கு விளக்கிட்டிருந்தீங்க. நடுவுல பேசினா கோவிச்சுக்குவீங்க."

வார்டுக்கு ஒரு குப்பை வண்டி, நிறுத்த இடம் காட்டினால்தான் தருவோம் என்று மாநில அரசு ஏதோ உத்தரவு போட்டதாம். பேப்பரில்கூட வந்ததாம். எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்தேன், நான் படிக்காமல் மூக்குக் கண்ணாடி துடைக்கிற மாநிலச் செய்திப் பக்கம்.

சரி, நகராட்சி ஆபீசுக்கே போய் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று, தேய்க்கப் போட்ட சட்டையை வாங்கச் சலவைக்கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்கார அம்மாவை உங்களுக்குத் தெரியும், நீங்கள் வந்திருந்தபோது உங்கள் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தவர். "சீக்கிரம் குடும்மா, இந்த வார்டுக்கு மெம்பர்னு ஒருத்தன் இருக்கானாமே, அவன நாலு கேள்வி கேக்கணும். அவன் மூஞ்சிய நீயாவது பாத்திருக்கியா?" என்றேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "தினமும் காலைல கண்ணாடில பாக்குறேன் சார். கேளுங்க," என்றார்.

மாப்பிள்ளை, கடைச் சுவரில் அவர் பெயரும் பதவியும் போட்ட பலகை ஏறக்குறைய ஐந்து வருஷமாகத் தொங்குகிறது. நானோ வியாழன் தோறும் அதற்குக் கீழே நின்றுகொண்டு, நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்திருக்கிறேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன், 'நீ' என்று கூப்பிட்டதை எல்லாம் எப்படி விழுங்குவது என்று தெரியாமல். "நீங்க கேக்கவே இல்லையே சார்," என்றார். படிப்பகத்தை மூடும் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவரே அவர்தானாம், யாரும் கேட்கவில்லை. "போன வார்டு கூட்டத்துக்கு மூணு பேர் சார். ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர். ஒருத்தர் டாய்லெட் எங்கன்னு கேக்க வந்தவர். மூணாவது நான். யாரும் வேணும்னு சொல்லாத எடத்த காலி எடம்னுதான் ஆபீஸ்ல எழுதுவாங்க." வெள்ளிக்கிழமை கவுன்சிலில் கடைசி முடிவு, அதற்குள் ஐம்பது கையெழுத்தும் இருபது ஆளும் சேர்த்துக் கொடுத்தால் நிறுத்திப் பார்க்கிறேன் என்றார்.

கையெழுத்துக்கு முதலில் எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜரிடம் போனேன். தெருவில் அவருக்கு 'உலக வங்கி' என்று பெயர். கடல்வழி வாணிபம் பற்றி ஐம்பது நிமிஷம் பேசினார், நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன், காகிதத்தை நீட்டியதும், "லோக்கல் பாலிடிக்ஸ்ல எல்லாம் நான் தலையிடறதில்ல சார்," என்று கதவைச் சாத்திவிட்டார். திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் தெருவிளக்குக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் போன வருஷம் நான் சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதேதான். படி இறங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் உங்கள் அத்தை காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நான் ஜனநாயகம் என்று ஆரம்பிக்கிற வீட்டில் அவள், "ஒங்க ஜன்னலுக்கு நேரா குப்பை வண்டி நிக்கப் போவுது, தெரியுமா?" என்கிறாள். அடுத்த நிமிஷம் பேனாவை அவர்களே தேடுகிறார்கள். மூன்றாவது மாடியில் ஒரு நர்சம்மா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்களுக்கு ஒரே ரூம் சார். பரீட்சைக்கு என் பொண்ணு அங்க உக்காந்துதான் படிக்குறா. மூடிட்டா எங்க போவா?" என்றார். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக மேஜையின் மறுகோடியில் உட்காருவாள். பக்கம் புரட்டும் சத்தத்துக்காக நான் அவளை 'உஷ்' என்று அடக்கியதைத் தவிர அவளோடு பேசியதில்லை.

சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று கையெழுத்து. வெள்ளிக்கிழமை இருபத்தாறு பேர் போனோம். பொதுஜனம் வந்தே பழக்கமில்லாததால் அங்கே நாற்காலி கிடையாது, நின்றோம். எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். நாட்டு விடுதலையிலிருந்து ஆரம்பித்தேன், எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நர்சம்மா மூன்றே வாக்கியம் பேசினார், மூன்றும் மகள் படிக்கிற மேஜையைப் பற்றி. ஒன்பதுக்குப் பதினொன்று என்று மூடும் தீர்மானம் தோற்றது. வண்டியைப் பழைய பம்பு ரூமுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்களாம். தலைவர் கடைசியில், "இத்தனை பேர் அந்தக் கட்டடத்த உபயோகிக்கிறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க," என்றார். அவர் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. எனக்கே தெரியாது. அடுத்த ஞாயிறுகளில் படிப்பகத்துக்கு ஒரு குழு அமைத்து, நாற்காலி ரிப்பேர் என்று அலைந்ததில்தான் உங்கள் போனை எடுக்க முடியவில்லை.

ஆகையால் நான் சொல்வது இதுதான். நிதியமைச்சர் உங்களையும் என்னையும் பற்றி யோசிக்கிறாரா என்பது சந்தேகம். உங்கள் தெருவில் எதை மூடலாம், எதை நிறுத்தலாம் என்று யாரோ ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பது நிச்சயம். அவர் யார் என்று கேட்டு வையுங்கள். மாநிலச் செய்தி வரும் பக்கத்தையும் படியுங்கள். கூட்டம் என்றால் போய் நில்லுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கு எல்லாக் காரியமும் தடையின்றி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நேற்று காலை எட்டு மணிக்குத் தொடங்கி, யாரும் தொந்தரவு செய்யாதபடி அறைக்கதவைத் தாளிட்டுக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு முடித்தேன். நடுவில் இரண்டு தரம் உங்கள் அத்தை கதவைத் தட்டி, "கெளம்பலையா?" என்றாள். "முக்கியமான விஷயம் எழுதிட்டிருக்கேன், அப்புறம் பாக்கலாம்," என்றேன். வார்டு தேர்தல் அடுத்த ஞாயிறு என்று நினைத்திருந்தேன், நேற்றுதானாம். ஓட்டுப் போடுவது ஐந்து மணியோடு முடிந்துவிட்டது. இன்று எண்ணியதில் சலவைக்கடை அம்மாவுக்கும் எதிர்த்து நின்றவருக்கும் சம ஓட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள், அம்மா தோற்றுவிட்டார். ஜெயித்தவர் யார் என்று உங்கள் அத்தைக்குத் தெரியும், ஆனால் காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மகளை விட்டுக் கேட்டு எனக்கு எழுதவும்.