வாசல் இல்லாத வீட்டு மாப்பிள்ளை

தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைப்பவனிடம் ஒரு வீட்டைப் பழுதுபார்க்கக் கொடுத்துப் பாருங்கள். மாதம் ஒன்றில் தெளிந்துவிடுவான். எனக்குப் பதினைந்தே நாளில் தெளிந்தது. (எதிலும் நான் கொஞ்சம் வேகம்.)

பிரெஞ்சுக்காரர் காலம். ஒதியம்பட்டில் மழை பெய்தால் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குள் தெருத் தண்ணீர் முழுதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது பாகூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். செந்தாமரையை ஒரே தடவை பார்த்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவோ, "வூட்டைப் பாத்துட்டுத்தான் தட்டு மாத்துவேன்" என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாளில் வருவதாகச் சேதி.

"டவுன்ல பிளான் போட்டு வேலை வாங்கற முசியே ஒருத்தர் கீறாராமே, இட்டுக்கினு வாடா" என்றாள் அம்மா. (முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.)

"இன்னாத்துக்கு? அவரு மண்ணு தொடுவாரா, மரம் இழைப்பாரா? நாலு பேரை மேய்க்க எனக்குத் தெரியாதா?" என்றேன். (எனக்கு மாடு மேய்க்கவே தெரியாது. எங்கள் மாடுகள் எப்போதும் அடுத்தவன் வயலில்தான் நிற்கும்.)

நல்ல நாள் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் உளியைக்கூடத் தொடமாட்டார்கள். பஞ்சாங்கத்தில் அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரே ஒரு நல்ல நாள்தான் இருந்தது. அதனால் கொத்தனார், ஆசாரி, தளம் போடுகிறவர், ஓடு வேய்கிறவர் நால்வரையும் அன்றைக்கே, ஒரே நேரத்தில் இறக்கிவிட்டேன். நல்ல நேரம் வீணாகவில்லை, வீடுதான் வீணாயிற்று.

ஓடு வேய்கிறவர் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டு, "சொவுரு ஒசந்தாத்தான் மேல வேய்வேன்" என்று குந்திக்கொண்டார். ஆசாரி பழைய தரைக்கு அளவெடுத்துப் புது வாசற்கதவை மாட்டி, தாழ் போட்டார். தளக்காரர் தண்ணீர் வராமலிருக்க உள்ளே ஒரு சாண் உயர்த்திச் சுண்ணாம்புத் தளம் போட்டார், மூடிய கதவை ஒட்டி, அழகாக. ஒருவர் வேலை அடுத்தவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பெண் வீட்டார் வரும் காலை. தளம் காயட்டும் என்று அதுவரை எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தோம்; அதிலும் தண்ணீர் புகுகிறதே என்று, அன்று அதை அடைத்துவிடும்படி கொத்தனாரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கையில் அவர் வெளியிலிருந்து செங்கல் வைத்து மூடிவிட்டுப் பழையசோறு தின்னப் போய்விட்டார். நான் ஒய்யாரமாக வந்து முன்கதவின் தாழை நீக்கி இழுத்தேன். அசையவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு, ஒரு சாண் தளத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சன்னலில் கம்பி. பின்சுவரை உதைத்தால் ஈரச் சுவர் இடிந்து, வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டைதான் தெரியும்.

அப்போதுதான் தெருவில் மாட்டுவண்டிச் சலங்கை கேட்டது. ஐயோ, செந்தாமரை போச்சே!

நெல் குதிர்மேல் ஏறி, பிரித்த கூரை வழியே சுவரில் தாவினேன். பட்டுவேட்டி ஒரு மரத்துண்டில் மாட்டிக்கொண்டது. தலையெல்லாம் சுண்ணாம்பு. கீழே அவள் அப்பா வெற்றிலைத் தட்டோடு நின்று, என்னை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி... வூட்டுக்கு வாசல் எங்கப்பா?"

ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வாசல் வையி. ஒரு மாசம் கழிச்சு வரேன்" என்று தட்டோடு திரும்பிவிட்டார்.

அன்று மாலையே அம்மா முசியேவை அழைத்து வந்தாள். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு நால்வரையும் எதிரே உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "உன் வேலைக்கு முன்னால யார் வேலை முடியணும்?" அவர்கள் பதில் சொல்லச் சொல்ல, காகிதத்தில் வரிசை தானாக வந்தது.

"அதுக்கு நாலு நல்ல நாள் எங்க இருக்கு?" என்று நான் மடக்கினேன். (அடங்கினேனா பாருங்கள்!)

"நல்ல நேரத்துல நாலு பேரும் ஆளுக்கு ஒரு தட்டு தட்டிட்டு வூட்டுக்குப் போகட்டும். அப்பால முறை வர்றப்ப வரட்டும்" என்றார். பஞ்சாங்கமும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். நால்வரையும் அவர் அந்த ஒரு மாதம் முழுக்க அப்படித்தான் வரவழைத்தார்.

சொன்னபடி அவள் அப்பா வந்தார். கதவை விரலால் தள்ளினார், திறந்தது. மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்தார். "தட்டை எடும்மா" என்றார் என் அம்மாவிடம்.

அதன்பின் உயிரோடிருந்தவரை அவர் தெருவில் நின்று, "மாப்ளே, வாசல் கீதா? இருக்குதா?" என்று குரல் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இப்போது அந்த உரிமை செந்தாமரைக்கு. நான் எங்கே போய்த் திரும்பினாலும் உள்ளேயிருந்து அதே கேள்வி வருகிறது. "கீது, கீது" என்று சொன்னால்தான் சோறு.