பத்மாவதிக்குப் பிடித்து வைத்த வாங்கு

இணுவில்,
ஈசுவர வருஷம், மார்கழி மாதம்.

என் அருமைத் தங்கச்சி மீனாம்பிகைக்கு அண்ணன் பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் கிருபையால் நானும் பசுவும் சுகம். ஈப்போவில் நீயும் மச்சானும் உன் மகள், என் மருமகள் பத்மாவதியும் அவ்வாறே இருக்க அவரையே வேண்டுகிறேன்.

நிற்க. நான் தலைமையாசிரியனாயிருக்கும் சைவப் பள்ளிக்கூடத்தின் சுகம்தான் கேட்கத் தக்கதல்ல. இவ்வூர்ப் பிள்ளைகளின் பக்தியை நீ அறிவாய். நவராத்திரிக்கு அவலும் கடலையும் கிடைக்குமென்று என்னிடம் வந்து சேருவார்கள். மார்கழி பிறந்ததும் கிறிஸ்து பிறந்தநாளாம் நத்தாரின் பரிசுக்காக ஒழுங்கைச் சந்துக்கு அப்பாலுள்ள மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பறந்துவிடுவார்கள். இம்முறை இன்ஸ்பெக்டரும் மார்கழியிலேயே வருவதாக அறிவித்தார். பிள்ளைகள் போதாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். வெட்கத்தை விட்டு மிஷன் ஆசிரியை நேசமலரிடம் போனேன். உன்னோடு படித்த அதே நேசமலர்தான். "காலமை உங்களுக்குத் தாறன், வாத்தியார். பின்னேரம் இன்ஸ்பெக்டர் எங்களிட்டை வருவார். அதுக்கிடையிலை திருப்பி விட்டிடுங்கோ" எண்டு முழுப் பிள்ளையளையும் தந்தா. நல்ல மனுசி. காலமை அதுகள் நெற்றி நிறையத் திருநீறு பூசித் தேவாரம் பாட, இன்ஸ்பெக்டருக்குப் புளுகமெண்டால் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பின்னேரம் அவர் மிஷனுக்குப் போனால், ஐயோ தங்கச்சி, அவ்வளவு நெற்றியிலையும் அதே திருநீறு! அழிச்செல்லோ அனுப்பியிருக்கவேணும்? சைவனாய்ப் பிறந்தவனுக்குத் திருநீற்றை அழியெண்டு சொல்ல வாய் வருமே? போதாக்குறைக்குக் கடைக்கார முருகேசுவின்ரை மகள் எழும்பி, "சேர், உங்களைக் காலமையும் கண்டனாங்கள்" எண்டு மரியாதையாய்க் கும்பிட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் கொப்பியிலை என்னவோ எழுதிக்கொண்டு போயிட்டார். ஆனபடியால், பள்ளிக்கூடத்துக்காகத்தான் கேக்கிறன், பத்மாவதியை அனுப்பிவை. கப்பலிலை வாற ஊராக்கள் ஆரும் கூட்டி வருவினம். நீ அனுப்பின படத்திலை அவள் உன்னைப் போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிக்கிறாள். யன்னலோர வாங்குப் பலகையிலை அவளுக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன். ஆரையும் இருக்க விடுறதில்லை. என்ரை சொந்த ஆசையெண்டு மட்டும் நினையாதை. சைவம் தழைக்கவேணும், அவ்வளவுதான்.

மச்சானுக்கு என் அன்பு. மருமகளைக் கந்தன் கண்போலக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பஞ்சலிங்கம்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் உத்தரவு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. வாங்குகளையும் நேசமலரிடமே கொடுத்தாயிற்று. மேலே எழுதிய காரணம் ஒன்றும் இனி இல்லை. எண்டாலும் பிள்ளையை அனுப்பு, தங்கச்சி. மிஷனிலையே சேர்ப்பம். அந்த வாங்கை அங்கையும் யன்னலோரம் போடச் சொல்லியிருக்கிறன். நான் திருநீறு பூசித்தான் விடுவன். பிறகு அவள் அழிச்சாலும் கேக்கமாட்டன். உன்ரை மச்சாள், என்ரை பெண்சாதி, கண்ணை மூடின நாளிலையிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பசுவோடைதான் கதை. இப்ப பள்ளிக்கூடமும் இல்லை. பசுவோடை எவ்வளவு நேரம் கதைக்கிறது?