ஏறத் தெரிந்த தலைவர்

காலை ஏழு மணி இருபது நிமிடம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் கந்தையா அண்ணையின் புகையிலைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கிணற்றுத் துலா, தண்ணீர் இறைக்கும் ஏற்ற மரம். ஒரு முழுப் பனையின் நீளம். நான் எழுதிக் கொடுத்திருந்த பொய்யும் ஏறக்குறைய அதே நீளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஊர் வாலிபர் சங்கம் தலைமைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தது. ஓர் இடந்தான் மீதி. விண்ணப்பத்தில், 'கையால் காலால் என்ன வேலை செய்வீர்?' என்றொரு கேள்வி. 'துலா மிதிப்பேன்' என்று எழுதினேன். (பென்சில் சீவவும் தங்கையைக் கூப்பிடுகிறவன் நான்.)

சங்கச் செயலாளர் பள்ளிக்கூட வாத்தியார். "நல்லது, மிதிச்சுக் காட்டும்" என்றார்.

துலாவில் நிற்பவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் கயிற்றில் தொங்கும் ஓலைப் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். பின்னால் நடந்தால் நிரம்பி மேலே வரும். வேலியோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்ததைத் தெரிந்ததாக எண்ணும் பழக்கம் அப்போதே இருந்தது. (பிற்பாடு பத்திரிகையில் வேலை கிடைக்க அது உதவியது.)

ஏறினேன். ஆறு அடி வைத்தேன். பட்டை இறங்கியது. குனிந்து பார்த்தேன். ஆழத்தில் தண்ணீர், தேநீர்க் கோப்பை அளவில். அடுத்த கணம் துலாவைக் கட்டிப்பிடித்துக் குப்புறக் கிடந்தேன்.

"தம்பி, பின்னாலை நட!" கீழே பட்டை பிடித்த கந்தையா அண்ணை கத்தினார்.

"ஏலாது அண்ணை."

"அப்ப இறங்கு!"

"அதுவும் ஏலாது."

செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நேர்முகப் பரீட்சையைக் கீழே நின்றபடியே தொடங்கினார்.

"சங்கத்திலை ஏன் சேர விரும்புறீர்?"

"கிராமத்தை உயர்த்த" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

"முதல் பட்டையை உயர்த்து ராசா!" என்றார் கந்தையா அண்ணை.

பயத்தில் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. வாசிகசாலை, கதர், பெண்கல்வி. கந்தையா அண்ணை ஏறிவந்து, இடுப்பைப் பிடித்துப் பூனைக்குட்டியைப்போல் இழுத்து இறக்கினார். தரையில் கால் பட்டபோதும் நான் பெண்கல்வியில்தான் நின்றேன்.

"உந்தப் பொடியன் விழப்போற நேரத்திலையும் கதையை விடேல்லை. பேரை எழுதுவம்" என்றார் செயலாளர்.

"ஓம், தலைவராக்குங்கோ. துலாப் பக்கம் மட்டும் விட்டிடாதேங்கோ!" என்றார் கந்தையா அண்ணை.

இன்றும் நான் ஏதாவது கூட்டத்துக்குத் தலைமை வகிக்கப் புறப்பட்டால், மனைவி வாசல் படலையடியில் கேட்பாள்: "இறக்கிவிட ஆரும் வருவினமோ?"

அந்தச் சங்கத்தின் தலைவராக நான் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன்.