நாலு படிக்குக் கைப்பிடியும் ஒரு மலிவு வாயுவும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கால் பாதி நலம், வாய் முழு நலம். உங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சுக் கேட்கும் என்ற நம்பிக்கையில் ஒரு நல்ல சேதி எழுதுகிறேன். "சாக்பீஸ் பிடிச்ச கைக்கு வெல்டிங் எதுக்கு மாப்ளே, கைப்பிடியைக் கடையில வாங்கி மாட்டுங்க" என்று போனில் சிரித்தீர்களே, அந்தக் கைப்பிடி இப்போது எங்கள் வாசற்படியில் நிற்கிறது. நான் செய்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதமாக அவள் அந்த நாலு படி இறங்கவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, விழுந்துவிடுவோமோ என்று பயம். நாள் முழுக்க ஜன்னலோர நாற்காலிதான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கொட்டகையில் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கி வைத்தேன். உருகிய இரும்பு பச்சைப் பிள்ளை மாதிரி, மச்சான். காற்றுப் பட்டதும் ஜன்னி கண்டு உடம்பெல்லாம் ஓட்டை விழும். அதைப் போர்த்தி வைக்கத்தான் காப்பு வாயு. கேஸ் கடைக்காரர், "ஆர்கான் பணக்கார வீட்டுப் போர்வை சார், இரும்புக்குக் கார்பன் டை ஆக்ஸைடே போதும், பாதி விலைகூட வராது" என்றார். மலிவு என்றதும் எனக்குச் சந்தேகம். உங்கள் தங்கையின் எடையைத் தாங்க வேண்டுமே என்று ஆர்கானையே வாங்கினேன். (இந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன்.)

முதல் இணைப்பு தகட்டின் மேல் மண்புழு மாதிரி உருண்டு படுத்தது. உள்ளே ஓட்டை. வியர்க்கிறதே என்று மின்விசிறியை எனக்கு நேரே வைத்திருந்தேன், அது வாயுவை எல்லாம் தெருவுக்கு ஊதி அனுப்பிக்கொண்டிருந்தது, போதாக்குறைக்குத் தோட்டக் குழாயைத் திறப்பது போல வால்வைத் திறந்து வைத்ததில் சிலிண்டர் ஒரே மாலையில் காலி, உருக்கி ஒட்ட மெஷினில் மாட்டும் கம்பிச் சுருளும் காலி, ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "கைப்பிடி செய்றேன்னுதானே சொன்னீங்க? சல்லடை செஞ்சு வெச்சிருக்கீங்க!"

பிறகுதான் மலிவுக்கு இறங்கினேன். கார்பன் டை ஆக்ஸைடு ஒரு சிலிண்டர், வேறொரு கடையில் புதுக் கம்பிச் சுருள். "இதுக்கு மெஷின்ல ரெண்டு வயரையும் இடம் மாத்திப் போடுங்க சார்" என்றார் அந்தக் கடைக்காரர். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேள், கேள்வி கேள் என்று முப்பத்தாறு வருடம் பிள்ளைகளைப் படுத்தியவன் நான்! மாற்றினேன், பற்றவைத்தேன். தங்கம், மச்சான், தங்கம்! பொறி பறந்து சட்டையில் ஏழு ஓட்டை, போனால் போகிறது. ஒவ்வொரு இணைப்பின் மேலும் கருப்பாக ஓர் ஓடு படிகிறது. சுத்தியலால் தட்டினால் உதிர்ந்து, அடியில் பளபளவென்று தையல். மலிவு வாயு தன் கையாலேயே மூடிப் போட்டுத் தருகிறது என்று கண்டுகொண்டேன். வேண்டுமென்றே மின்விசிறியைப் போட்டும் பார்த்தேன், ஒரு ஓட்டை விழவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் நூறு கிலோவுக்குக் குறையாதவர். கைப்பிடியில் தொங்கிப் பார்த்துவிட்டு, "சுவரு வேணா பேந்து வரும் சார், இது வராது" என்றார். சனிக்கிழமை ஓய்வுபெற்றோர் சங்கத்தில், மலிவான காப்பு வாயுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசப் போகிறேன்.

ஒரே குறை, அவள் இன்னும் இறங்கவில்லை. "எங்க அண்ணன் வந்து ஆட்டிப் பாத்துச் சொல்லட்டும். உங்க பேப்பருக்கு நீங்களே மார்க் போட்டுக்காதீங்க" என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து ஆட்டிப் பார்க்கவும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, சிரித்த உங்களுக்கு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நாற்காலி காலி. கொட்டகையிலிருந்து சத்தம்: "இங்க வாங்க! இந்தக் கம்பிப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? கம்பிக்குள்ளயே பவுடர் இருக்காம், அதுவே மூடிக்குமாம். இதுக்கு கேஸே வேண்டாமாம்!" உண்மைதான். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆகவே மேலே வாயுவைப் பற்றி நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். சனிக்கிழமைப் பேச்சு ரத்து. ஞாயிற்றுக்கிழமை சும்மா வாருங்கள், ஆட்டிப் பார்க்க வர வேண்டாம். என் தப்பைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில் உங்கள் தங்கை யாரையும் கூப்பிடாமல் நாலு படியும் இறங்கியிருக்கிறாள். திரும்பி ஏறும்போது பின்னால் நின்று பார்த்தேன். ஒரு கைதான் கைப்பிடியில் இருந்தது; மற்றக் கையில் அந்தப் பெட்டியைத் தூக்கி, எதிர்வீட்டுத் தையல்காரருக்கும் காட்டிக்கொண்டே ஏறினாள்.